துருவுக்கு அடியில் என்ன இருக்கிறது?

மாடிப்படிக்குக் கீழே பத்துப் பதினைந்து வருடம் கேட்பாரற்றுக் கிடந்த சைக்கிளை வெளியே இழுத்துப் பார்த்தால், அது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி துருப்பிடித்திருக்காது. ஹேண்டில்பாரில் ஊசிமுனை அளவுக்குப் பழுப்புப் புள்ளிகள் மட்டும் இருக்கும். ரிம்மில் ஒவ்வொரு ஸ்போக்ஸ் கம்பியும் நுழைகிற துளையைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும். மட்கார்டின் உட்புறத்தில் மண் அப்பியிருந்த இடமெல்லாம் செதில் செதிலாகப் பெயர்ந்து வரும். செயின் மடங்கவே மறுக்கும். ஆனால், அச்சுக்குப் பக்கத்தில் பழைய கிரீஸ் வழிந்து காய்ந்திருக்கும் இடத்தைத் துடைத்தால், உள்ளே உலோகம் அப்படியே மின்னும்.

இந்த வேறுபாடுகளைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. துருவை எடுக்க வினிகர் நல்லதா, புளி நல்லதா, ஆசிட் ஊற்றலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில் கிடையாது. துருவுக்கு அடியில் இருப்பது குரோம் பூச்சா, துத்தநாகமா, பெயின்டா, பதம் ஏற்றிய எஃகா என்பதைப் பொறுத்து மருந்து மாறும். பெடல் கிராங்கைச் சுத்தமாக்குகிற அதே கரைசல் சீட்டுக்கு அடியில் உள்ள ஸ்பிரிங்கை உடைய வைக்கும்.

சொட்டு நீருக்குள் ஒரு மின்கலம்

இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் சேர்ந்து வேண்டும் என்பது பள்ளிப் பாடம். அவை இரண்டும் சேர்ந்து என்ன செய்கின்றன என்பதைக் கண்ணால் பார்க்க வைத்தவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூலிக் ரிச்சர்ட்சன் எவன்ஸ். 1920களில் அவர் செய்த சோதனை மிக எளிது. தேய்த்துச் சுத்தம் செய்த இரும்புத் தகட்டின்மேல் ஒரு சொட்டு உப்புநீர் விட வேண்டும். அந்த நீரில் இரண்டு நிறங்காட்டிகள் கலந்திருக்கும். இரும்பு கரைந்தால் பொட்டாசியம் ஃபெரிசயனைடு நீலம் காட்டும். காரத்தன்மை உண்டானால் பினாப்தலீன் இளஞ்சிவப்புக் காட்டும். சிறிது நேரத்தில் சொட்டின் நடுப்பகுதி நீலமாகவும் விளிம்பு இளஞ்சிவப்பாகவும் மாறின. இரண்டுக்கும் இடையில் துரு ஒரு பழுப்பு வளையமாகப் படிந்தது.

சொட்டின் விளிம்பு மெல்லியது என்பதால் காற்றிலுள்ள ஆக்சிஜன் அங்கே எளிதாக உலோகத்தை எட்டும். நடுப்பகுதிக்கு அவ்வளவு ஆக்சிஜன் போய்ச் சேராது. அந்த ஆக்சிஜன் குறைந்த நடுப்பகுதியில்தான் இரும்பு அணுக்கள் எலக்ட்ரான்களைக் கழற்றிவிட்டு நீரில் கரைகின்றன. கழன்ற எலக்ட்ரான்கள் உலோகத்தின் வழியாகவே விளிம்புக்கு ஓடி, அங்கிருக்கும் ஆக்சிஜனையும் நீரையும் ஹைட்ராக்சைடாக மாற்றுகின்றன. கரைந்த இரும்பும் ஹைட்ராக்சைடும் எங்கே சந்திக்கின்றனவோ அங்கே துரு உருவாகிறது. ஆக, உலோகம் அரிக்கப்படும் இடம் ஒன்று, துரு கண்ணில் படும் இடம் வேறொன்று.

எவன்ஸின் சொட்டைச் சைக்கிளின் மேல் பொருத்திப் பார்த்தால் அந்த ரிம் வளையங்களும் மட்கார்டுச் செதில்களும் புரியும். மண்ணுக்கு அடியில், ஹேண்டில்பார் கைப்பிடிக்குள், சீட்டைத் தாங்கும் கம்பி ஃப்ரேம் குழாய்க்குள் நுழையும் இடுக்கில், ரிம் துளைக்கும் ஸ்போக்ஸைப் பிடித்திருக்கும் நிப்பிளுக்கும் இடையில் என ஈரம் தங்கி ஆக்சிஜன் குறையும் இடங்களில்தான் இரும்பு கரைகிறது. வெளியே லேசான பழுப்புக் கறை மட்டும் தெரியும். அதைத் துடைத்தால், உள்ளே பள்ளம் விழுந்திருக்கும்.

மழையில் நனைந்தால்தான் துருப்பிடிக்கும் என்பதும் இல்லை. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 60 சதவீதத்தைத் தாண்டும்போது இரும்பின்மேல் துரு வேகமெடுப்பதை 1930களில் இங்கிலாந்தில் வெர்னன் என்ற ஆய்வாளர் காட்டினார். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ ஆண்டின் பெரும்பகுதி காற்று அந்த எல்லைக்கு மேல்தான் இருக்கிறது. அதோடு கடற்காற்றில் உப்புத் துகள்களும் வருகின்றன. சமையல் உப்பு ஈரப்பதம் 75 சதவீதத்தை எட்டும்போது காற்றிலிருந்து நீரை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கோ 33 சதவீத ஈரப்பதமே போதும். கடலோர வீட்டில் திண்ணைக்குள்ளே பத்திரமாக நிறுத்திய சைக்கிளும் துருப்பிடிப்பதற்குக் காரணம் இந்த உப்புப் படலம். காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகம் உலோக அரிமானத்தைச் சோதிக்க மண்டபம் கடற்கரையில் ஒரு நிலையத்தை வைத்திருப்பதும் இதனால்தான். இந்தியாவில் இரும்பு மிக விரைவாக அரிக்கப்படும் பகுதிகளில் அதுவும் ஒன்று.

அலுமினியமும் காற்றில் ஆக்சைடாக மாறுகிறது. ஆனால் அந்த ஆக்சைடு உலோகத்தோடு இறுக ஒட்டிக்கொண்டு, அடியில் இருப்பதைக் காக்கிறது. இரும்பின் துரு அப்படி ஒட்டுவதில்லை. கரைந்துபோன இரும்பு பிடித்திருந்த இடத்தைப் போல 2 முதல் 6 மடங்கு இடம் அதற்குத் தேவைப்படுகிறது. அதனால் உப்பி, வெடித்து, உதிர்கிறது. உதிர்ந்த இடத்தில் புது இரும்பு வெளிப்பட்டு அதுவும் கரைகிறது. நட்டுக்கும் போல்ட்டுக்கும் இடையே உள்ள மயிரிழை இடைவெளியில் துரு இப்படி உப்பும்போது அது ஆப்பாக இறுகிவிடும். பழைய சைக்கிளில் ஸ்பானர் வழுக்கி விரல் முட்டி அடிபடுவது இந்த மடங்குக் கணக்கால்தான்.

குரோம் ஏன் புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கிறது?

ஹேண்டில்பாரிலும் ரிம்மிலும் பளபளக்கும் பூச்சைக் குரோம் என்கிறோம். உண்மையில் அதில் பெரும்பங்கு நிக்கல். எஃகின்மேல் சில மைக்ரான் முதல் 30 மைக்ரான் வரை நிக்கல் படிந்திருக்கும். அதன்மேல் அரை மைக்ரானுக்கும் குறைவான தடிமனில் குரோமியம் இருக்கும். மனிதத் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான் என்பதை வைத்து இந்தக் குரோம் படலம் எவ்வளவு மெல்லியது என்று கணக்கிடலாம்.

பூச்சில் நுண்துளைகள் இருக்கும். துளை வழியாக ஈரம் எஃகை எட்டியதும் இரண்டு உலோகங்களும் மின்கலமாகின்றன. நிக்கலும் குரோமும் அசையாமல் இருக்க, இரும்பு மட்டும் கரைகிறது. பரந்த நிக்கல் பரப்பு முழுவதும் ஊசித்துளை அளவு இரும்பிலிருந்து எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்வதால் அந்தத் துளையில் அரிப்பு மிக வேகமாக நடக்கும். ஹேண்டில்பாரின் பழுப்புப் புள்ளி ஒவ்வொன்றும் இப்படி ஒரு துளையின் வாய்.

சாதாரண ஸ்போக்ஸ் கம்பியிலும் சில நட்டு, வாஷர்களிலும் உள்ள சாம்பல் நிறத் துத்தநாகப் பூச்சின் கதை இதற்கு நேரெதிர். துத்தநாகம் இரும்பைவிட எளிதில் எலக்ட்ரானை விடும். பூச்சில் கீறல் விழுந்தாலும் முதலில் துத்தநாகமே கரைந்து, இரும்பைக் காப்பாற்றும். அது வெள்ளைப் பொடியாகத் தெரிந்தால் காவல் இன்னும் நடக்கிறது என்று பொருள். சிவப்பு தெரியத் தொடங்கினால் அந்த இடத்தில் துத்தநாகம் தீர்ந்துவிட்டது. வினிகர் போன்ற எந்த அமிலமும் துருவைத் தொடுவதற்கு முன்பே துத்தநாகத்தைத் தின்றுவிடும். எனவே துத்தநாகம் பூசிய பாகங்களை அமிலத்தில் ஊறவைக்கக் கூடாது. மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, எண்ணெய் தடவினால் போதும்.

குரோமுக்கு வீட்டிலேயே இருக்கும் நல்ல கருவி, சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாள். அதைக் கசக்கி உருட்டி, தண்ணீரில் நனைத்து, துருப்புள்ளிகளின்மேல் தேய்த்தால் சில நிமிடங்களில் புள்ளிகள் மறையும். குரோமியம் மிகக் கடினமான உலோகம், அலுமினியமோ மென்மையானது. அதனால் தாள் தேயுமே தவிரப் பூச்சில் கீறல் விழாது. தேயும்போது உண்டாகும் சாம்பல் நிறக் குழம்பே மெல்லிய பாலிஷாக வேலை செய்யும். இது ஏதோ மின்வேதி மாயம் என்று சிலர் விளக்குவதுண்டு. வேலையின் பெரும்பகுதி உரசலால் நடக்கிறது.

பாத்திரம் தேய்க்கும் இரும்பு நார் ஆகாது. அதன் இழைகள் உடைந்து நுண்துளைகளில் சிக்கிக்கொண்டு, அடுத்த மழைக்குத் தாமே துருப்பிடிக்கும். பித்தளைக் கம்பி பிரஷ்ஷில் அந்தத் தொல்லை இல்லை. எதைக் கொண்டு தேய்த்தாலும் நுண்துளைகள் மூடிவிடாது என்பதால், தேய்த்து முடித்தவுடன் மெழுகு பாலிஷ் போட வேண்டும். பூச்சு செதிலாகப் பெயர்ந்திருந்தால் வீட்டு வைத்தியம் உதவாது. அதை முழுதாக உரித்து மறுபடி முலாம் போடுவது பட்டறை வேலை.

சமையலறை அமிலங்கள்

பூச்சே இல்லாத, அல்லது பூச்சு முழுக்கப் போய்விட்ட பாகங்களுக்கு அமிலம் பொருந்தும். துருப்பிடித்த தோசைக்கல்லைப் புளி போட்டுத் தேய்க்கும் வழக்கம் தமிழ் வீடுகளுக்குப் புதிதில்லை. புளியில் உள்ள டார்டாரிக் அமிலம், எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலம் இரண்டுமே துருவைக் கரைப்பதோடு நிற்காமல், கரைந்த இரும்பு அயனிகளைப் பற்றிக்கொண்டு மீண்டும் படியவிடாமல் நீரிலேயே வைத்திருக்கும். வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்துக்கு இந்தப் பிடிப்பு குறைவு. அதிலும் கடை வினிகரில் அமிலம் 4, 5 சதவீதம்தான். அதனால் அதில் பாகங்களை ஓர் இரவு முழுக்கப் போட்டுவைக்க வேண்டியிருக்கிறது.

பலசரக்குக் கடையில் லெமன் சால்ட் என்று விற்கும் சிட்ரிக் அமிலம்தான் கையாள எளிது. ஒரு லிட்டர் வெந்நீருக்கு 50 முதல் 100 கிராம் கலந்து, பிளாஸ்டிக் வாளியில் ஊற்றி, பாகங்கள் முழுக்க மூழ்கும்படி போட வேண்டும். பாதி மூழ்கினால் நீர்மட்டக் கோட்டில் ஆழமான தழும்பு விழும். அதற்கு முன்பு கிரீஸையும் எண்ணெய்ப் பிசுக்கையும் மண்ணெண்ணெயாலும் சோப்பாலும் முற்றிலும் நீக்கியாக வேண்டும். பிசுக்கு இருக்கும் இடத்தை அமிலம் தொடாது. அரை மணிக்கு ஒருமுறை எடுத்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துப் பார்க்கலாம். துரு தீர்ந்த பிறகும் குமிழிகள் வந்துகொண்டிருந்தால் அமிலம் நல்ல இரும்பைக் கரைக்கத் தொடங்கிவிட்டது. உடனே எடுத்துவிட வேண்டும்.

பெயின்டும் கம்பெனி ஸ்டிக்கரும் இன்னும் மிச்சமிருக்கும் பழைய ஃப்ரேம்களுக்குப் பழஞ்சைக்கிள் ஆர்வலர்கள் பல நாடுகளில் ஆக்சாலிக் அமிலத்தை விரும்புகிறார்கள். அது இரும்பு ஆக்சைடை நன்றாகப் பற்றிக் கரைக்கும், பெயின்டை அதிகம் சீண்டாது. பசலைக்கீரையிலும் இருக்கும் இந்த அமிலம், பொடியாகவும் கரைசலாகவும் கையாளும்போது நச்சு. உடலுக்குள் போனால் கால்சியத்தோடு சேர்ந்து படிகமாகிச் சிறுநீரகத்தில் அடைத்துக்கொள்ளும். கையுறை, கண்ணாடி, காற்றோட்டமான இடம், குழந்தைகள் எட்டாத வாளி ஆகிய நான்கும் இல்லாமல் இதைத் தொடக் கூடாது. சமையல் பாத்திரத்தில் கலக்கவே கூடாது. கரைசல் பழையதானால் பாகங்களின்மேல் மஞ்சள் படலம் படியும். அது இரும்பு ஆக்சலேட். உடனே கழுவித் தேய்த்தால் போய்விடும்.

கழிவறை கழுவும் ஆசிட்டை ஊற்றினால் துரு நொடியில் கரைவது உண்மைதான். அதிலிருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். எஃகு ஆலைகளே இதைப் பயன்படுத்துகின்றன. ஆனால் நல்ல இரும்பைக் காக்கும் தடுப்பு வேதிப்பொருளைச் சேர்த்துத்தான் பயன்படுத்துகின்றன. வீட்டில் அந்தக் காவல் கிடையாது. மேலும், துருப்பள்ளங்களுக்குள் தங்கிவிடும் குளோரைடு எவ்வளவு கழுவினாலும் முழுதாகப் போகாமல், சில நாட்களில் புதுத் துருவுக்கு வித்திடும். அமிலத்தின் ஆவி அதே அறையில் இருக்கும் ஸ்பானர், அரம், கதவுக் கீல் எல்லாவற்றையும் துருப்பிடிக்கவைக்கும். தவறிப்போய் பிளீச்சிங் பவுடரோடு கலந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

அமிலத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அது கண்ணுக்குத் தெரியாது. 1875ல் டபிள்யூ. எச். ஜான்சன் என்ற ஆங்கிலேயர் லண்டன் ராயல் சொசைட்டிக்கு ஒரு விசித்திரத்தை எழுதினார். அமிலத்தில் சில நிமிடங்கள் மட்டும் முக்கியெடுத்த இரும்புக் கம்பி வளைக்கும்போது முறிந்தது. முறிந்த முகத்தை நனைத்தால், அதிலிருந்து குமிழிகள் வந்தன. அமிலம் இரும்போடு வினைபுரியும்போது உண்டாகும் ஹைட்ரஜன், அணு வடிவிலேயே உலோகத்துக்குள் ஊடுருவி அதை நொறுங்கும்படி செய்துவிட்டது. எஃகு எவ்வளவு வலுவாகப் பதமேற்றப்பட்டதோ அவ்வளவு எளிதாக இந்த நோய்க்கு ஆளாகும். ஃப்ரேம் குழாய், மட்கார்டு, ஸ்டாண்ட், கேரியர் போன்ற மென்எஃகுப் பாகங்களுக்குப் பெரிய கவலை இல்லை. சீட் ஸ்பிரிங், ஸ்போக்ஸ் கம்பி, செயின், பால்ரஸ் குண்டுகள், அவை உருளும் கோன், கப் ஆகியவற்றை மட்டும் அமில வாளிக்குள் போடவே கூடாது. ஸ்பிரிங் வெளியே புதிதுபோல் மின்னும். ஏறி உட்கார்ந்து பள்ளத்தில் இறங்கும்போது முறியும்.

கரைக்காமல் மாற்றுவது

துருவைக் கரைத்து எடுப்பதற்குப் பதில், அதையே வேறு பொருளாக மாற்றி அங்கேயே உட்காரவைக்கும் வழியும் உண்டு. பாஸ்பாரிக் அமிலம் துருவோடு சேர்ந்து நீரில் கரையாத இரும்பு பாஸ்பேட்டாகிறது. கருஞ்சாம்பல் நிறத்தில் இறுக ஒட்டும் அந்தப் படலத்தின்மேல் பெயின்ட் நன்றாகப் பிடிக்கும். ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும் துரு மாற்றிகள் பலவற்றில் இருப்பது இதுதான். கோலாவில் நட்டை ஊறவைத்தால் துரு போகும் என்ற பேச்சும் இந்த அமிலத்தை வைத்துத்தான். ஆனால் கோலாவில் அது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. துரு போகும், ஆனால் பல மணி நேரம் ஆகும்; பிசுபிசுப்பைக் கழுவும் வேலை தனி.

இந்த வினைக்கும் சைக்கிளுக்கும் நூறாண்டு உறவு உண்டு. 1906ல் பர்மிங்காமைச் சேர்ந்த தாமஸ் வாட்ஸ் காஸ்லெட், இரும்பைச் சூடான பாஸ்பாரிக் அமிலக் கரைசலில் முக்கித் துருவிலிருந்து காக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பிரிட்டிஷ் சைக்கிள் தொழில் அதைக் கருப்பு எனாமலுக்கு அடிப்பூச்சாக ஏற்றது. அந்தக் காலத்துக் கருப்பு ஃப்ரேம்கள் சிலவற்றில் எனாமல் உதிர்ந்த பிறகும் உலோகம் பெரிதாக அரிக்கப்படாமல் இருக்கப் பாஸ்பேட் படலமும் ஒரு காரணம்.

அதைவிடப் பழைய சான்று டெல்லியில் நிற்கிறது. குதுப் மினார் வளாகத்தில் உள்ள, 7 மீட்டருக்கும் மேல் உயரமான இரும்புத் தூண் குப்தர் காலத்தைச் சேர்ந்தது. ஏறத்தாழ 1,600 ஆண்டுகளாக வெயிலிலும் மழையிலும் நின்றும் அது அரித்துப்போகவில்லை. ஐ.ஐ.டி. கான்பூரின் உலோகவியல் பேராசிரியராக இருந்த ஆர். பாலசுப்பிரமணியம் அதன் மேற்படலத்தை ஆராய்ந்து, காரணம் பாஸ்பரஸ் என்று காட்டினார். பழைய உலைகளில் உருக்காமல் அடித்துச் சேர்த்த அந்த இரும்பில் சுமார் 0.25 சதவீதம் பாஸ்பரஸ் தங்கியிருக்கிறது. இன்றைய எஃகில் அது 0.05 சதவீதத்துக்கும் கீழேதான் இருக்கும். மெல்ல மெல்லத் துருப்பிடித்தபோதே பாஸ்பேட் கலந்த இறுக்கமான படலம் தூணின்மேல் உருவாகி, மேலும் அரிக்கவிடாமல் தடுத்துவிட்டது. டெல்லியின் வறண்ட காற்றும் கைகொடுத்தது.

பாஸ்பேட் செய்யும் வேலையை வேறு விதத்தில் செய்வது டானின். கடுக்காயில் டானின் ஏராளம். அது இரும்போடு சேர்ந்தால் நீலங்கலந்த கருப்பாகும். ஸ்ரீகாளஹஸ்தியிலும் கும்பகோணம் பக்கத்துச் சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் கலம்காரி ஓவியர்கள் கருப்பு நிறம் எடுப்பது இந்த வினையால்தான். துருப்பிடித்த இரும்புத் துண்டுகளை வெல்லத்தோடு பல நாள் ஊறவைத்த நீரைத் தொட்டு, கடுக்காய்ச் சாற்றில் தோய்த்த துணியில் எழுதுவார்கள். துணியைத் தொட்டதும் கோடு கருக்கும். அருங்காட்சியகங்களும் பழைய இரும்புப் பொருட்களைக் காக்க டானிக் அமிலம் பூசுகின்றன. சைக்கிளில் இது கேரியர், ஸ்டாண்ட், மட்கார்டின் உட்புறம் போல, பளபளப்பு தேவைப்படாத இடங்களுக்கு ஏற்றது. உதிரும் துருவைக் கம்பி பிரஷ்ஷால் நீக்கிவிட்டு, ஒட்டியிருக்கும் துருவின்மேல் பூச வேண்டும். துருவே இல்லாத பளபள இரும்பின்மேல் பூசினால் பெரிய பயன் இல்லை.

கலம்காரிக் குடத்தில் வெல்லம் செய்யும் வேலையைச் சர்க்கரை ஆலையின் கழிவுப் பாகான மொலாசஸும் செய்யும். ஒரு பங்குப் பாகுக்கு ஒன்பது பங்கு நீர் கலந்து, பாகங்களை ஓரிரு வாரம் ஊறப்போட்டால் துரு மெல்லக் கரையும். நல்ல இரும்பை அது அவ்வளவாகத் தொடுவதில்லை. நாற்றத்தையும் ஈயையும் பொறுத்துக்கொள்ள முடிந்தவர்களுக்கு மலிவான வழி.

மின்சாரம் கொடுத்துத் துரு எடுப்பது

1770ல் ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் மோதி நின்ற எண்டெவர் கப்பலை லேசாக்க, கேப்டன் ஜேம்ஸ் குக்கின் ஆட்கள் ஆறு பீரங்கிகளைக் கடலில் தள்ளினார்கள். 1969ல் அவை பவளம் மூடிய கட்டிகளாகக் கண்டெடுக்கப்பட்டன. மெல்போர்ன் ஆய்வகத்தில் அவற்றைக் காரக் கரைசலில் மூழ்கவைத்து மின்சாரம் செலுத்தினார்கள். துருப்பிடித்தல் என்பது இரும்பு எலக்ட்ரானை இழப்பது. அந்த எலக்ட்ரான்களை வெளியிலிருந்து திருப்பித் தள்ளினால் வினை எதிர்த்திசையில் ஓடும். உள்ளே சிக்கிய குளோரைடும் வெளியேறும்.

வீட்டில் இதையே சிறிய அளவில் செய்யலாம். பிளாஸ்டிக் வாளி, ஐந்து லிட்டர் நீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா, 12 வோல்ட் பேட்டரி சார்ஜர், பயனற்ற ஓர் இரும்புத் தகடு ஆகியவை வேண்டும். துருப்பிடித்த பாகத்தை சார்ஜரின் எதிர்முனையிலும் தகட்டை நேர்முனையிலும் இணைத்து, இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் மூழ்கவைக்க வேண்டும். முனைகள் மாறினால் சைக்கிள் பாகம் கரைந்துபோகும். சில மணி நேரத்தில் சிவப்புத் துருவின் ஒரு பகுதி மேக்னடைட் என்ற கருப்பு இரும்பு ஆக்சைடாக மாறும். பாகத்திலிருந்து எழும் ஹைட்ரஜன் குமிழிகள் மீதியைத் தளர்த்திவிடும். பிரஷ்ஷால் தேய்த்தால் கருப்புச் சேறாக வரும். நல்ல இரும்பு கரைவதில்லை என்பதே அமிலத்தைவிட இதில் உள்ள மேன்மை. ஆனால் தகட்டைப் பார்த்திருக்கும் பக்கம்தான் நன்றாகச் சுத்தமாகும். பாகத்தை அவ்வப்போது திருப்பிவைக்க வேண்டும்.

இதில் சில விஷயங்களில் விளையாட்டு கூடாது. காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் சேர்ந்தாலே தீப்பொறிக்கு வெடிக்கும் என்பதால் வேலை திறந்த வெளியில்தான் நடக்க வேண்டும். சார்ஜரை அணைத்த பிறகே கிளிப்புகளைக் கழற்ற வேண்டும். சோடாவுக்குப் பதில் சமையல் உப்பைப் போட்டால் குளோரின் வரும். தகட்டுக்குப் பதில் எவர்சில்வர் கரண்டியை மாட்டினால், அதிலுள்ள குரோமியம் புற்றுநோய் உண்டாக்கும் வடிவில் நீரில் கலக்கும். அலுமினியப் பாகங்களை சோடாக் கரைசல் அரிக்கும். எது அலுமினியம் என்று சந்தேகம் வந்தால் காந்தத்தை ஒட்டிப் பார்க்கலாம். ஸ்பிரிங்குக்கும் பால்ரஸ்ஸுக்கும் ஹைட்ரஜனால் வரும் ஆபத்து இங்கேயும் உண்டு. இன்னொன்று, மின்சாரம் இழந்த இரும்பை மீட்டுத் தராது. பள்ளம் பள்ளமாகவே இருக்கும்.

கழுவிய பிறகு

அமில வாளியிலிருந்து எடுத்த பாகம் சாம்பல் நிறத்தில் சுத்தமாக இருக்கும். பத்து நிமிடம் ஈரத்தோடு விட்டால் ஆரஞ்சு நிறமேறும். எந்தப் படலமும் இல்லாத வெற்று இரும்பு அவ்வளவு விரைவாக வினைபுரிகிறது. எனவே எடுத்தவுடன் சமையல் சோடா கலந்த நீரில் கழுவி, அடுத்து வெந்நீரில் அலசி, சூடு ஆறுவதற்குள் துடைத்துக் காயவைத்து, உடனே எண்ணெய் தடவ வேண்டும். சூடான உலோகத்தில் ஈரம் தானாகவே ஆவியாகும்.

எண்ணெயிலும் தேர்வு உண்டு. 1953ல் சான் டியாகோவில் உருவான டபிள்யூ.டி.-40, பெயரிலேயே சொல்வதுபோல் நீரை விலக்கும் கலவைக்கான நாற்பதாவது முயற்சி. அட்லஸ் ஏவுகணையின் மேற்பரப்பைத் துருவிலிருந்து காக்க அது முதலில் பயன்பட்டது. ஈரத்தை விரட்டவும் இறுகிய நட்டைத் தளர்த்தவும் அது நல்லது. அது விட்டுச்செல்லும் படலம் மெல்லியது என்பதால் பால்ரஸ்ஸுக்கு கிரீஸும் செயினுக்கு எண்ணெயும் தனியாகப் போட வேண்டும். தேங்காய் எண்ணெய் காயாமல் தூசியைச் சேர்க்கும்.

சில பாகங்களைக் காப்பாற்ற முயலாமல் இருப்பதே நல்லது. குழிவிழுந்த பால்ரஸ் குண்டுகளும் கோன்களும் சுத்தமான பிறகும் உருளும்போது கரகரக்கும், மற்றதையும் தேய்க்கும். புதுக் குண்டுகளின் விலை சொற்பம். முடிச்சு முடிச்சாக இறுகிய செயின், ஒரு இழை அறுந்த பிரேக் கம்பி, நிப்பிளுக்கு அருகே மெலிந்த ஸ்போக்ஸ் ஆகியவையும் மாற்ற வேண்டியவை. முன் ஃபோர்க்கின் தண்டைக் கழற்றிப் பார்த்து, அதில் ஆழமான பள்ளமோ விரிசலோ தெரிந்தால் அந்த ஃபோர்க்கோடு சைக்கிளை ஓட்டக் கூடாது. அது முறிந்தால் ஓட்டுபவர் முகம் தரையில் மோத விழுவார்.

கடைசியாகப் பார்க்க வேண்டியது ஃப்ரேமின் உட்புறம். சாதாரண இரும்பு ஃப்ரேம் குழாயின் சுவர் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். சீட் கம்பி வழியே இறங்கும் மழைநீர் பெடல் அச்சு இருக்கும் கிண்ணத்தில்தான் வந்து தேங்குகிறது. சீட் கம்பியை உருவி எடுத்து, டார்ச் அடித்துப் பார்த்து, ஸ்க்ரூடிரைவர் பிடியால் குழாயைத் தட்டினால் நல்ல சுவர் கணீரென்று கேட்கும், மெலிந்த இடம் மந்தமாகக் கேட்கும். சுவர் நன்றாக இருந்தால் உள்ளே எண்ணெய் ஊற்றி, ஃப்ரேமை எல்லாப் பக்கமும் சாய்த்து, எங்கும் பரவவிட வேண்டும். பல ஃப்ரேம்களில் அந்தக் கிண்ணத்தின் அடியில் நீர் வடிய ஒரு சிறு துளை இருக்கும். பழைய சைக்கிள்களில் அது மண்ணும் கிரீஸும் சேர்ந்து அடைபட்டிருக்கும்; ஒரு கம்பியால் குத்தித் திறந்துவிட வேண்டும்.